காரும் பாதையும்

ஒருவர் தம் மோட்டார்க் காரைப் பற்றிச் சொல்லும் அபிப்பிராயத்தை வைத்து அவரைப் பற்றி நிறைய அறிந்துகொள்ளலாம். அவர் எந்த ஆசனத்தில் அமர்கிறார், எந்தப் பாதையில் போகிறார், அவரோடு யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பனவெல்லாம் அந்த அபிப்பிராயத்தினுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால் அவை தாமாகவே வெளிவந்துவிடும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில் தனியார் கார்களுக்கும் திறந்துவிடப்பட்ட நாள் முதலாக, லுணுகலைக் கடைவீதியில் கார்ப் பேச்சு ஓய்வதாக இல்லை. புதிய கார் வாங்கும் வல்லமை ஊரில் சிலருக்கே உண்டு. எனினும் பேசும் வல்லமை எல்லோருக்கும் உண்டல்லவா? எம்மிடம் கார் இல்லை. பதுளை பஸ்ஸிலும் பிபிலை பஸ்ஸிலும் நின்று பழகிய கால்கள் எம்முடையவை. அதனாலேயே, கார் வைத்திருப்போர் தம் வண்டியின் சொகுசையும் அதன் இயக்கக் கருவிகளையும் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிய எமக்கு ஆவலுண்டாயிற்று. நான்கு கதவும் பின்னால் டிக்கியுமாக நீண்டு கிடக்கும் பெரிய கார்களை வைத்திருப்போர் சிலரிடம், கடந்த சில மாதங்களாகச் சந்தர்ப்பம் வாய்த்தபோதெல்லாம் பேசினோம்.

முதலிலே ஒரு முதியவர். ஹயர் ஓட்டியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். அவருடைய வண்டி ஒஸ்டின் கேம்பிரிட்ஜ். 1954இல் இங்கிலாந்தில் அப்பெயருடன் பிறந்து, 1959இல் இத்தாலியரான பினின்பரீனாவின் கைவண்ணத்தில் புதிய உடல் பெற்று, 1961 முதல் 1969 வரை ஏ60 என்ற வடிவில் வெளிவந்த கார் அது. மொரிஸ் ஒக்ஸ்போர்ட் அதன் உடன்பிறப்பு. அந்த ஒக்ஸ்போர்டின் முந்திய வடிவம் ஒன்றே வங்காளத்து உத்தரபாராவில் அம்பாசிடர் என்ற பெயரோடு 2014 வரை செய்யப்பட்டு, மந்திரிக்கும் வாடகைச் சாரதிக்கும் ஒரே வண்டியாக இந்தியாவெங்கும் ஓடியது. யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பின் பெற்றோல் தடைப்பட்டபோது மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடியவையும் இந்தக் குடும்பத்து வண்டிகளே. முதியவருடைய காரின் எண்பலகையில் 'ஸ்ரீ' எழுத்து இன்னும் இருக்கிறது. 1958இல் அந்த ஒற்றை எழுத்தை முன்னிட்டு இந்நாட்டிலே எழுந்த கிளர்ச்சியை நாம் வரலாற்றுப் பாடமாகப் படித்தோம். அவர் அதைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்.

"சொகுசு எப்படி?" என்று கேட்டோம்.

"சொகுசுன்னா என்னா மாஸ்டர்? இந்த வண்டி நம்மளத் தூக்கிட்டுப் போவும். இப்ப வர்ற வண்டிய நாமதான் தூக்கிட்டுப் போவணும்" என்றார்.

அவர் சொன்னதில் பெருமை பாதி, உண்மை பாதி. ஒஸ்டினின் இயக்கக் கருவிகள் மனிதனிடம் வேலை வாங்குபவை. குளிர் காலையில் 'சொக்'கை இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது, எப்போது உள்ளே தள்ளுவது என்பது கையின் ஞானம். பற்றரி சோர்ந்துவிட்டால் முன்புறத் துளையில் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். நான்கு கியர்களில் முதலாவதற்கு ஒத்திசைவுப் பொறி கிடையாது. ஆகையால் ஏற்றத்தின் நடுவே இரண்டாவது கியர் தோற்று முதலாவதுக்கு இறங்க நேர்ந்தால், கிளச்சை இரு தடவை மிதித்து, இடையிலே இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டி, பற்சக்கரம் அலறாதபடி சேர்க்க வேண்டும். தெரியாதவன் வண்டியை நிறுத்தித்தான் மீண்டும் கிளம்புவான். நான்கு சக்கரங்களுக்கும் பீப்பாய்ப் பிரேக்குகளே. நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அந்தத் தலைமுறைச் சாரதிகள் தம் சீடர்களுக்குச் சொன்ன முதலாவது சூத்திரம்.

"கையில வித்தையிருந்தா வண்டி பேச்சக் கேக்கும்" என்பது முதியவரின் தீர்ப்பு.

அவருக்கு முன்பு இம்மலைகளிலே பெரிய கார் துரைமாருக்கே உரியதாக இருந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராக நாட்டிய பின், மலைகளை வளைத்துத் தோட்டங்களும் தோட்டங்களை வளைத்துப் பாதைகளும் எழுந்தன. பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தது 1924இல். ரயிலும் எட்டாத ஹொப்டன், அடாவத்தை போன்ற லுணுகலைத் தோட்டங்களுக்குப் பாதைதான் உயிர். அப்பாதையிலே துரையின் கார் வருங்காலத்தில் தொழிலாளி தலையிலிருந்த கம்பளியை இறக்கி, விரித்த குடையை மடக்கி, கானோரமாக ஒதுங்கி நின்றான் என்று எம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் காரின் ஆசனம் எவ்வளவு மெத்தென்றிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அது இறைத்துவிட்டுப் போன சேற்றின் நிறம் தெரியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். துரையின் காரை ஓட்டியவன் பெரும்பாலும் துரை அல்லன், எம்மவனில் ஒருவனே. கியரும் பிரேக்கும் அவன் கையிலும் காலிலும் இருந்தன. எங்கே போவது, எப்போது நிற்பது, யாரை ஏற்றுவது என்ற அதிகாரம் பின்னாசனத்தில் இருந்தது. சங்கச் செய்யுளிலே வினைமுடித்து மீளும் தலைவன் தேர்ப்பாகனை விளித்து, விரைந்து செலுத்துமாறு சொல்லும் பாட்டுகளை மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அப்பாட்டுகளில் பெரும்பாலும் தலைவனே பேசுகிறான். பாகன் குதிரையைப் பார்த்தபடி இருக்கிறான். தேரின் சொகுசைப் பற்றி அவனை யாரும் கேட்டதில்லை.

இனி, இக்காலத்து உரிமையாளருக்கு வருவோம். கடைவீதியில் வியாபாரம் செய்யும் ஒருவர் ஜப்பானிலே ஓடிப் பழகிய டொயோட்டா கிரவுண் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். 1955 முதல் ஜப்பானியர் செய்துவரும் பெரிய கார் அது. அவருடைய தந்தை தோட்டத்து லயத்திலே பிறந்தவர். தேயிலைக் கொழுந்து நிறுத்த பரம்பரையின் பிள்ளை கிரவுணின் கதவைத் திறந்து எம்மை உள்ளே அமரச் சொன்னபோது, எமக்குப் பொறாமை உண்டாகவில்லை. உள்ளபடியே நெஞ்சு நிறைந்தது. சொகுசை வெறுப்பது முற்போக்கு என்று எண்ணுவோர் உளர். நாம் அக்கட்சியில் இல்லை. மெத்தென்ற ஆசனத்தில் முதுகைச் சாய்க்கும் ஆசை பாவமானால், நூற்றைம்பது ஆண்டுகளாகக் கூடை சுமந்து வளைந்த முதுகுகளுக்கு அந்தப் பாவத்தைச் செய்ய முதல் உரிமை உண்டு.

வண்டி அற்புதமானது. கதவை மூடினால் கடைவீதியின் இரைச்சல் எங்கோ போய்விடுகிறது. ஆசனம் இடுப்பைத் தாங்குகிறது. ஸ்டியரிங் சக்கரத்தை ஒரு விரலால் திருப்பலாம். ஆயினும் நடுவிலிருக்கும் திரை ஜப்பானிய மொழியில் எழுதுகிறது. இயந்திரத்தைக் கிளப்பியதும் ஒரு பெண்குரல் கனிவாக ஏதோ சொல்கிறது.

"அது நமக்கு வணக்கம் சொல்லுது மாஸ்டர்" என்றார் உரிமையாளர்.

ஜப்பானில் வேலை செய்து திரும்பிய பழைய மாணவன் ஒருவனிடம் பின்னர் கேட்டறிந்தோம். அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் சுங்கப் பணம் செலுத்தும் அட்டை செருகப்படவில்லை என்று அந்தக் குரல் எச்சரிக்கிறதாம்! செருக அட்டையும் இல்லை, அந்த நெடுஞ்சாலையும் இல்லை. பசறை வளைவுகளில் அவள் நாள்தோறும் சொல்லிக்கொண்டே வருகிறாள்.

வானொலியின் கதையும் இத்தகையதே. ஜப்பானின் பண்பலை 76இல் தொடங்கி 95 மெகாஹேட்ஸ் அளவில் முடிந்துவிடுவது. எமது தமிழ் ஒலிபரப்புகளிற் பல அதற்கு மேலே, நூற்றைத் தாண்டியும் இருப்பவை. இடையே மாற்றுக் கருவியொன்றைப் பொருத்தாவிட்டால் அந்த உயர்ந்த ஒலிபெருக்கிகளில் அவை கேளா. இவ்வாறு, வண்டியின் சொந்தக்காரர் தம் வண்டிக்குள்ளேயே மொழி தெரியாத விருந்தாளி போல் இருக்கிறார். திரையிலுள்ள பொத்தான்களில் பாதி எதற்கென்று தமக்குத் தெரியாது என்று அவரே சிரித்தபடி ஒத்துக்கொண்டார்.

இது சிரித்துவிட்டு விடக்கூடிய விஷயமாக இருந்தால் நாம் எழுதியிருக்க மாட்டோம். தானியங்கிக் கியரில் ஓட்டத்துக்கு ஓரெழுத்து, இறக்கத்தில் இயந்திரத்தின் இழுவையால் வண்டியைத் தடுத்துப் பிடிக்க வேறோரெழுத்து என்று இருக்கும். சில வண்டிகளில் 'எல்' அல்லது '2'. டொயோட்டாவின் ஹைபிரிட் வண்டிகளில் 'பி'. நாம் பேசிய தானியங்கி உரிமையாளர்களிற் பலர் அந்த இரண்டாவது எழுத்தை ஒருமுறையேனும் தொட்டதில்லை. மலை உச்சியிலிருந்து பிபிலைச் சமவெளி வரை பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறார்கள். முதியவரின் சூத்திரம் புதிய வண்டிக்கும் பொருந்தும். அந்தச் சூத்திரத்தை மறக்கச் செய்வதே சொகுசாகிவிட்டது. கருவிகள் எளிதானதால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் விட்டுப்போயிற்று. மலைப்பாதையில் இதற்கு விலை உண்டு.

எல்லோரிடமும் நாம் கேட்ட கடைசிக் கேள்வி ஒன்று: பின்னாசனத்தில் நோயாளியொருவரைக் கிடத்த முடியுமா?

நகரத்துக் கார்ச் சஞ்சிகைகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இங்கே ஹயர் ஓட்டும் எவரும் வண்டி வாங்குமுன் இதைத்தான் பார்க்கிறார்கள். ஒஸ்டினின் பின்னாசனம் ஒரே மெத்தையாக நீண்டிருக்கும். காய்ச்சற்காரர் காலை மடக்கிப் படுக்கலாம். தலையை மடியில் வாங்கிக்கொள்ள ஒருவர் ஓரத்தில் அமரலாம். கதவின் வாய் உயரமானது. தாங்கிப் பிடித்தவர் குனியாமல் உள்ளே ஏற்றலாம். புதிய வண்டிகளில் ஆசனம் உடலுக்கேற்பக் குழிந்திருக்கிறது. நிமிர்ந்து உட்காரும் ஆரோக்கியவானுக்கு அது வசதி. படுக்க வேண்டியவருக்கு அந்தக் குழிவே முதுகில் முண்டுகிறது. கூரையும் தாழ்ந்து வருகிறது. எங்கோ தொலைதேசத்தில் இந்த ஆசனத்தை வரைந்தவர், இதிலே பிரசவ வேதனையோடு ஒரு பெண் சாய்ந்து வருவாள் என்று எண்ணியிருக்க மாட்டார்.

அத்தகைய பெண்கள் இங்கே வருகிறார்கள். மேல்கணக்கு லயத்திலிருந்து இறங்கும் பாதையில் பெரிய கார் ஏறாது. வயிறு தட்டும். ஆகவே கம்பளியைத் தூளியாகக் கட்டியோ, நாற்காலியில் இருத்தியோ நால்வர் சுமந்துகொண்டு வந்து பெரிய றோட்டில் சேர்ப்பார்கள். அங்கிருந்து முச்சக்கரவண்டி கிடைத்தால் அது, கார் கிடைத்தால் கார், ஒன்றுமில்லையேல் கொழுந்து லொறி. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வரும் 'சுவசெரிய' அம்புலன்ஸ் 2016இல் மேற்கு, தென் மாகாணங்களில் தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்தது, மறுக்கவொண்ணாத பேருதவி. ஆனால் அம்புலன்ஸும் பாதை உள்ள மட்டுமே வரும்.

இந்தக் கேள்விக்கு முதியவர் சொன்ன பதிலை மறக்க முடியாது. தம்முடைய பின்னாசனத்திலே மூன்று குழந்தைகள் பிறந்ததாக அவர் கணக்கு வைத்திருக்கிறார். ஒரு குழந்தை இன்று திருமணமாகிப் பசறையில் வாழ்கிறதாம். ஒரே ஓர் உயிர் பதுளைக்குப் போய்ச் சேருமுன் பிரிந்ததையும் சொன்னார். "அன்னைக்கி வண்டி குறையில்ல மாஸ்டர். றோட்டுதான் நீளம்" என்றார்.

தவணைக் கடனில் புதிய செடான் எடுத்து ஹயர் விடும் இளைஞர் ஒருவரிடமும் இதையே கேட்டோம். சற்றுத் தயங்கினார். பிறகு, "ஏத்த மாட்டேன்" என்றார்.

"சீற் கறையாப் போச்சுன்னா டூரிஸ்ட் ஏறமாட்டான். டூரிஸ்ட் ஏறலேன்னா லீசிங்காரன் வந்து வண்டிய எடுத்துருவான். எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான் மாஸ்டர். எனக்குந் தெரியுது. என்னா செய்ய?"

அவரைக் கடிந்துகொள்ள எமக்கு நா எழவில்லை. வண்டி அவருடையதென்று ஊர் சொல்கிறது. அது கடன்காரனுடையது என்று அவருக்குத் தெரியும். ஸ்டியரிங் அவர் கையில் இருக்கிறது. யாரை ஏற்றுவது என்பதை மாதத் தவணை தீர்மானிக்கிறது. துரையின் சாரதிக்கும் இவருக்கும் இடையே எழுபது, எண்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. பின்னாசனத்திலிருந்து கட்டளையிட்டவர் இப்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்துகொண்டு கட்டளையிடுகிறார். அவ்வளவே வேறுபாடு. தம் தாயையொத்த ஒருத்தியைத் தம் வண்டியில் ஏற்ற முடியாதபடி ஒரு நல்ல பிள்ளையை ஆக்கிவிடும் ஏற்பாட்டை எந்த மெத்தையும் சொகுசாக்கிவிட முடியாது.

முதியவர் சொன்ன றோட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். காரின் சொகுசில் பாதி காரில் இருக்கிறது. மீதிப் பாதி பாதையில் இருக்கிறது. வில்லுகள் எவ்வளவு நயமானவையாயினும் குழியை நிரப்பமாட்டா. தோட்டப் பாதைகள் கொழுந்தைத் தொழிற்சாலைக்கும் தேயிலைப் பெட்டியைத் துறைமுகத்துக்கும் கொண்டுபோக வெட்டப்பட்டவை. ஆகவே அவை தொழிற்சாலை வாசலில் முடிகின்றன. அங்கிருந்து லயத்துக்கு ஒற்றையடிப் பாதையும் கற்படியுந்தான். கொழுந்துக்கு றோட்டு, ஆளுக்குப் படி. 1948இல் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. அதைத் தொடர்ந்து வாக்கும் பறிபோயிற்று. வாக்கில்லாதவனின் வாசலுக்கு றோட்டுப் போட யார் வருவார்? குடியுரிமை 2003 வரை தவணை தவணையாகத் திரும்பி வந்தது. அப்போதும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. ஏனைய கிராமங்களுக்குச் செய்வதுபோல் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட அது இடந்தரவில்லை. எம்மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை எம்மக்களின் பாதைக்கு ஒரு கூடை கல் கொட்ட முடியாத விந்தை, சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை நீடித்தது.

பெரிய றோட்டும் பாதுகாப்பானதென்று சொல்வதற்கில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையருகே பள்ளத்தில் வீழ்ந்தது. 14 பேருக்குக் குறையாமல் மாண்டனர். அவர்களிற் பலர் எம் ஊரவர். மேலேயிருந்து உருண்டு விழுந்த பாறை றோட்டின் ஒரு பக்கத்தை அடைத்துக் கிடந்த இடத்தில், எதிரே வந்த வாகனத்துக்கு வழிவிட ஒதுங்கியபோது நேர்ந்தது அவ்விபத்து. சாரதியின் கை, வண்டியின் பிரேக்கு, பயணிகளின் தலையெழுத்து என்று பலரும் பலவாறு பேசினர். பாறை பேசாமல் கிடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டை உலுக்கியபோது பதுளை மாவட்டமெங்கும் மண் சரிந்தது, பாதைகள் அறுந்தன. அந்நாட்களில் கிரவுணும் ஒஸ்டினும் ஒரே வரிசையில் சும்மா நின்றன. உரிமையாளர்கள் எல்லோரும் கால்நடையாகவே வந்து றோட்டு திறந்துவிட்டதா என்று கேட்டுப் போனார்கள். காரின் அபிப்பிராயம் அப்போதுதான் பாதையின் அபிப்பிராயமாயிற்று.

பறம்பு மலைப் பாரி முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்த கதையை ஒருநாள் வகுப்பிலே சொல்லிக்கொண்டிருந்தோம். மேல்கணக்கிலிருந்து நடந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அந்த மலையில தேர் போற மாதிரி றோட்டு இருந்திச்சா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. ஈகையின் சிறப்பையே எந்நாளும் விளக்கிவந்த எமக்கு, அந்தத் தேர் மலைமேல் ஏறிய பாதையைப் பற்றி எந்த உரையிலும் படித்த நினைவில்லை. அதை எண்ணிப் பார்க்க, நாளும் இரண்டு மைல் இறங்கி ஏறும் கால்கள் தேவைப்பட்டன.

தேயிலை இன்றைக்கும் ஆண்டுதோறும் நூறு கோடி டொலருக்கு மேல் இந்நாட்டுக்கு ஈட்டித் தருகிறது. அந்த டொலரும் சேர்ந்தே துறைமுகத்தில் வந்திறங்கும் காருக்கு விலையாகிறது. கொழுந்து பறித்தவளின் நாட்கூலி 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை ஹயர் பிடிக்க அவள் பல நாட்கள் மலையேற வேண்டும். காரின் சொகுசைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல அவளைவிட உரிமையுடையவர் யார்? ஆனால் அவளிடம் யாரும் கேட்பதில்லை. அவள் உரிமையாளர் அல்லளாம்!

நாம் அவளிடமும் கேட்டோம். கொழுந்து நிறுவை முடிந்து கூடையோடு இறங்கி வந்த ஓரம்மா, ஒருமுறை தன் மகளோடு காரில் ஆஸ்பத்திரிக்குப் போனதை நினைவு கூர்ந்தார். "சீற்று பஞ்சுமாதிரி இருந்திச்சிங்க. ஆனா நா நுனியிலதான் உக்காந்தேன். அழுக்காயிடுமேன்னு" என்றார்.

பணங்கொடுத்து ஏறிய காரிலும் ஆசனத்தின் நுனியில் அமர்ந்து வந்த அந்த அம்மாவின் சொல்லே நாம் திரட்டிய அபிப்பிராயங்கள் அனைத்திலும் கனமானது. புதிய கார்கள் வரட்டும். அவற்றின் திரைகள் தமிழும் சிங்களமும் பேசட்டும். இறக்கத்துக்குரிய எழுத்தைச் சாரதிக்குக் கற்பிக்க ஆளிருக்கட்டும். லயத்து வாசல் வரை, சட்டம் இப்போது அனுமதிக்கும் அந்தப் பாதையைச் சபைகள் போடட்டும். பாறை விழுந்தால் மறுநாளே அகற்றப்படட்டும். அந்த அம்மா ஆசனத்தின் முழு அகலத்திலும் அச்சமின்றிச் சாய்ந்து அமரும் நாளில், இந்த மலையிலே ஒரு காருக்குச் சொகுசு இருக்கிறதென்று நாமும் ஒப்புக்கொள்வோம்.